கையை இறக்கு

உலகம்மாளின் வலது கை ஏன் கனத்துப்போனது என்று ஆத்தியடியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அதில் ரகசியம் எதுவும் இல்லை. அந்தக் கைக்குள் ஓர் அறை இருந்தது, விழ வேண்டிய கன்னத்தில் விழாமல் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்ட அறை, அது போக்கிடம் தெரியாமல் தோளுக்கும் விரலுக்கும் நடுவே குடியேறி, வெயிலிலும் மழையிலும் ஊறி ஊறி எடை கூடிக்கொண்டே போனது, அவ்வளவுதான். கோபத்தை விழுங்கினால் சிலருக்கு வயிறு எரியும், சிலருக்குத் தலை வலிக்கும், இவளுக்குக் கையில் இறங்கிவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த அறை பிறந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு உலகம்மாள் வந்த முதல் வாரம், தெற்குத் தெருப் பெண் ஒருத்தி அந்த அடுப்பை மூட்டுவது ஊருக்கு அதுதான் முதல் தடவை, சாம்பார் சாதம் இறக்கிவைத்து, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிற நேரத்தில், திருமலைக்கொழுந்து வந்தார். அரிசி மில்காரர், பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர், கோயில் கொடைக் கமிட்டித் தலைவர், தலைவர் என்று முடிகிற நாற்காலி எதுவானாலும் அதில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். "இவ கை பட்ட சோத்த நம்ம புள்ளைய திங்காது" என்றார். சொல்லிக்கொண்டே அண்டாவைக் காலால் தள்ளினார். அது விளிம்பு நசுங்கி உருண்டது, சோறு வேப்ப மரத்து மூடு வரைக்கும் ஆவி பறக்க ஓடியது, வரிசையில் முதலாவதாக நின்ற பிள்ளை நீட்டிய தட்டை மடக்கத் தெரியாமல் நீட்டியபடியே நின்றது.

உலகம்மாளின் கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை, அதுவே எழுந்தது. எழுந்த கை தலைவரின் கன்னத்துக்கு நேராக வந்து நிற்கவும், ஹெட்மாஸ்டர், கோயில் பூசாரி, டீக்கடைக்காரர், மதில் ஓரமாக வேடிக்கை பார்த்த ஆணும் பெண்ணும் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்:

"கைய இறக்கு!"

"கைய இறக்கு உலகம்மா, பெரிய மனுசன்!"

"ஏட்டி, கைய இறக்குட்டி!"

மகளைக் கூப்பிட வந்து கேட் பக்கம் நின்ற மைதீன் பாத்து மட்டும், உலகம்மாளோடு ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றியவள், "போடுளா ஒண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அத்தனை வாய்க்கு நடுவில் அந்த ஒரு வாய் எடுபடவில்லை. உலகம்மாள் கையை இறக்கினாள். இறக்கியிருக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒற்றைக் கை எவ்வளவு நேரம் நிற்கும்? ஆனால் கையை இறக்கச் சொன்ன அத்தனை பேரில் ஒருத்தனாவது குனிந்து அந்த அண்டாவை நிமிர்த்தி வைத்தானா என்றால் இல்லை, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சோற்றைக் காக்கா தின்றது. பிள்ளைகள் வெறுந்தட்டோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் உலகம்மாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கப் போனாள். இடது கையில் வாளி வந்தது, வலது கை வரவில்லை. இடுப்புக்கு மேலே ஒரு விரற்கடை கூட எழும்ப மாட்டேன் என்றது. சமையல் வேலை வடக்குத் தெருவுக்குப் போய்விட்டது, அது போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பீடி சுற்றவும் முடியாமல் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இலையை வெட்டி மடித்துத் தூளை வைத்துச் சுருட்ட விரல் பறக்க வேண்டும், இந்த விரல்களோ மடியில் கிடந்தால் மடியிலேயே கிடந்தன. டவுன் பஸ்ஸில் அவள் ஏறினால் வண்டி வலப் பக்கம் சாய்ந்து போனது, கண்டக்டர் அவளை நடுவில் நிற்கச் சொன்னான். திருநெல்வேலியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, யாரிடமாவது சண்டை போட்டாயா என்று கேட்டார். போடவில்லை என்றாள். அதுதான் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வாய் வரைக்கும் கை வராததால் இடது கையால் சாப்பிட்டாள். அது ஊருக்குப் பொறுக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து போனாள், பரிமாறுகிறவன் வந்து "பீச்சாங்கையால திங்கிறத எல்லாரும் பாக்காவ, நீ செத்த அந்தச் செவரப் பாத்துத் திரும்பி உக்காந்து தின்னுட்டுப் போ" என்றான். கவனியுங்கள், வலது கை ஆக்கிய சோற்றைக் காலால் உதைத்த ஊர் இது, இடது கையால் தின்பது அசிங்கமாம். அன்றையிலிருந்து உலகம்மாள் வீட்டுக்குள்ளேயும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். மைதீன் பாத்து பார்த்துவிட்டுத் திட்டினாள். "யாரும் இல்லாத வீட்டுலயுமாளா செவரப் பாத்துத் திங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கையை ஒரே ஒரு தடவை கன்னத்து உயரத்துக்குத் தூக்க வேண்டும். அது போதும். அதற்கு மேலே எதுவும் வேண்டாம்.

ஊர் என்பது எதையும் சீரணித்துவிடும். கல்லைக் கொடுத்தாலும் நாலு நாளில் அதை அம்மிக்கல் ஆக்கி அரைக்க ஆரம்பித்துவிடும். உலகம்மாளின் கை கனக்கிறது என்று தெரிந்ததும் முதலில் பயந்தார்கள், பிறகு பழகினார்கள், அதற்கும் பிறகு உபயோகப்படுத்த ஆரம்பித்தார்கள். ஆடிக் காற்றில் பந்தல் பறக்காமல் இருக்கக் கயிற்று நுனியை அவள் கைக்கு அடியில் வைத்தார்கள். புளியைக் கொட்டை எடுத்துப் பானையில் அமுக்க, ஊறுகாய்ச் சாடி மூடியை இறுக்க, புது மெத்தையைப் படிய வைக்க, சுருண்டு போன பிளக்ஸ் பேனரை நிமிர்த்த, "உலகம்மா, செத்த கைய வச்சிட்டுப் போயேன்" என்று வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மகள் சொல்லைத் தட்டுகிறார்கள் என்றால் "எம்புள்ள சொல்லுக்கு உலகம்மா கை மாதிரி கனம் வேணும் தாயே" என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள். பூசாரி அது அம்மன் இறங்கிய கை என்று சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். கையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அண்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை, அது சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நெருஞ்சி முள்ளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது.

இப்படிப் பல வருஷம் போன பிறகுதான் ஊருக்கு ஒரு கேடு வந்தது. ஆத்தியடி அம்மன் கொடைக்கு, வருஷத் திருவிழாவுக்கு, ஒரு வழக்கம் உண்டு. கொடையன்று உச்சிப் பொழுதில், மேளம் முழங்குவதற்கு முன்னால், ஓர் இசைத்தட்டு பாட வேண்டும். திருமலைக்கொழுந்தின் தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் சொந்தச் செலவில் பதிந்துகொண்டு வந்த தட்டு அது. அதில் அம்மன் பாட்டு வருவதற்கு முன்னால், அவருடைய பெயரும், அவர் அப்பா பெயரும், அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த மணியின் பெருமையும் அவர் குரலிலேயே கணீர் என்று ஒலிக்கும். அது ஒலித்தால்தான் அம்மன் எழுந்திருப்பாள் என்று ஊர் நம்பியது, அல்லது திருமலைக்கொழுந்து அப்படி நம்பச் சொல்லியிருந்தார். அந்தத் தட்டின் பள்ளம் அகலம், ஆழம் அதைவிட அதிகம். இந்தக் காலத்து ஊசி அதற்குள் விழுந்து உருளுமே தவிரப் பாடாது. அதே கப்பலில் வந்த, ஊசியைப் பிடித்திருக்கும் கறுத்துப் பருத்த கார்ட்ரிஜ் ஒன்று உண்டு, அதன் ஊசி ஒன்றுதான் அந்தப் பள்ளத்தைப் படிக்கும். போன கொடையில் பந்தல் சரிந்து ரெக்கார்டு பெட்டி மேல் விழுந்ததில், கார்ட்ரிஜ் பிழைத்தது, அதைத் தாங்கி நின்ற இரும்புக் கை இரண்டாக முறிந்தது.

ரெக்கார்டு பெட்டியில் ஊசியைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் நகர்ந்து போகிறதே அந்தத் தண்டு, அதை மைக் செட்டுக்காரர்கள் கை என்றுதான் சொல்வார்கள். பாட்டுப் போடு என்பதற்குக் கையை இறக்கு என்பார்கள். தர்மக்கண் சவுண்ட் சர்வீஸ் முதலாளி தர்மக்கண் நல்ல மனிதர், அதாவது யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், அவர் மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடி விதவிதமான கைகளை வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளியாக மின்னுகிற கொக்குக் கால் கை ஒன்று, பாம்பாக வளைந்த கை ஒன்று, பிளாஸ்டிக் கை ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தக் கார்ட்ரிஜை மாட்டினார். ஒவ்வொரு கையையும் அது உதறித் தள்ளியது. ஊசி பள்ளத்தில் இறங்குவதற்குள் கை நடுங்க ஆரம்பித்து, தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் துள்ளி விழுந்தது. கையின் தலையில் ஈயத்தை வைத்துக் கட்டிப் பார்த்தார், சோதனைக்கு வைத்த வேறொரு தட்டை ஊசி உழுதுவிட்டது. கொடை நெருங்கிக்கொண்டே இருந்தது. "பென் டிரைவுல வேற பாட்டு போட்டுக்கிடலாமே தலைவரே" என்று கேட்டுப் பார்த்தார். "எங்கப்பா பேரு இல்லாம கொடையா? அம்மன் எந்திரிக்க மாட்டா" என்றார் திருமலைக்கொழுந்து.

கடைசியில் தர்மக்கண் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மதுரையில் பழைய ரேடியோ வியாபாரி ஒருவருக்குப் போன் போட்டார். கடையில் இருந்த எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த ஊசியோட ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு அண்ணாச்சி" என்றது மதுரைக் குரல். "முரட்டு மாட்டை நோஞ்சான் வண்டியில பூட்டினா வண்டிதானே ஆடும்? மெலிசான கையில மாட்டினீங்கன்னா பள்ளம் ஊசியை ஆட்டாது, கையையே ஆட்டிரும். உங்களுக்குக் கனத்த கை வேணும். ஆனா அந்தக் கனம் தட்டு மேல இறங்கிடக் கூடாது. பின்னால எடை கட்டித் தூக்கி நிறுத்தணும். கனம் இருக்கணும், அழுத்தம் இருக்கக் கூடாது. புரியுதா? கனத்த கை!"

மதுரைக்காரர் சொன்னது இரும்புக் கையை. டீக்கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது தெற்குத் தெருப் பக்கம். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை, யாரும் சிரிக்கவில்லை, இது சரியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கனத்த கை என்றால் ஊரில் ஒரு கைதான் உண்டு. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "போய்க் கூப்புடுங்க அண்ணாச்சி, அவ வருவா" என்றார்.

தர்மக்கண் போனபோது உலகம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள், மைதீன் பாத்து பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் உலகம்மாள் கேட்டாள்:

"என் கை பட்டா ஆகாதுல்லா அண்ணாச்சி?"

"சோறுதான் தாயி ஆகாது. பாட்டுக்கு என்ன? பெட்டி கோயிலுக்கு வெளிய ஓலைக் கொட்டகையிலதான் இருக்கும். கம்பி வழியால்லா உள்ள போகும்."

"அப்ப கம்பிக்குத் தீட்டு இல்லையோ?" என்றாள் மைதீன் பாத்து. "சொல்லும் அண்ணாச்சி, எந்தக் கடையில விக்கி அந்தக் கம்பி? அத வச்சே சோத்த ஊட்டியிருக்கலாமே அன்னைக்கு."

தர்மக்கண் தரையைப் பார்த்தார். "நான் என்ன செய்ய, அவிய சொல்லுதாவ, நான் வந்து நிக்கேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு உலகம்மா."

"முடியாது."

"சரி தாயி." அவர் திரும்பி இரண்டு எட்டு வைத்தார். தொழில்காரர் இல்லையா, மனசு கேட்காமல் நின்று சொன்னார், "எனக்கு என்ன வருத்தம்னா, உன் கைக்கும் ஒரு விடிவு வந்திருக்கும். விட்டத்துல கப்பி கட்டி, முழங்கைக்கு ஒரு தூளி போட்டு, பின்னால சரியான எடையத் தொங்கவிட்டேன்னு வையி, உன் கை பூ மாதிரி மேல வந்திரும்."

உலகம்மாள் நிமிர்ந்தாள். "மேலன்னா, எதுவரைக்கும் அண்ணாச்சி?"

"தோளு உசரம் வரும்."

"பக்கவாட்டுல திரும்புமா?"

"திரும்பாம எப்படி? தட்டு மேல நகரணும்லா."

"வாரேன்" என்றாள் உலகம்மாள்.

கோயிலுக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் பனை விட்டம் போட்டுக் கப்பி கட்டினார்கள். அவள் முழங்கைக்குத் தூளி கட்டி, கயிற்றின் மறு நுனியில் எடையைத் தொங்கவிட்டார்கள். படிக்கல்லைக் கட்டினார்கள், கை அசையவில்லை. ஆட்டுரலைக் கட்டினார்கள், இடுப்பு வரைக்கும் வந்து நின்றது. சிமெண்டு மூட்டையைக் கட்டினார்கள், கை சரேல் என்று மேலே போய் அவளையும் தூக்கப் பார்த்தது. கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது, தர்மக்கண் வேர்த்து விறுவிறுத்துப்போனார். அப்போது மைதீன் பாத்து பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தாள். நெருஞ்சி முள் ஒட்டிய, விளிம்பு நசுங்கிய அந்த அண்டா. "இதக் கட்டும்" என்றாள். கட்டி, உள்ளே மணலை அள்ளிப் போட்டு, அன்றைக்குச் சோறு இருந்த மட்டத்துக்கு மணல் வந்ததும், உலகம்மாளின் கை தோள் உயரத்துக்கு எழுந்து, நீட்டியபடி, ஓர் இம்மி ஆடாமல் நின்றது. அவள் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மைதீன் பாத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தர்மக்கண் "ஆஹா, சமன்!" என்று கை தட்டினார்.

ஆள்காட்டி விரலுக்குக் கீழே கார்ட்ரிஜை வைத்துக் கட்டினார்கள். அது அவள் கையை உதறவில்லை. ஏதோ ஒரு பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு, தர்மக்கண் மூச்சைப் பிடித்துக்கொண்டு "கைய இறக்கு" என்றார், அவள் இறக்கினாள். தென்னை மரங்களில் கட்டிய குழாய்களிலிருந்து பாட்டு வந்தது பாருங்கள், அப்படி ஒரு பாட்டை ஆத்தியடி அதற்கு முன்னால் கேட்டதில்லை. தபலாவின் அடி நெஞ்சுக்குள் விழுந்தது, பாடுகிறவளின் மூச்சு காதோரம் பட்டது. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்கள், துணி துவைத்த பெண்கள் சோப்புக் கையோடு வந்தார்கள், ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுதார்கள் ஐயா, அழுதார்கள்! சோறு மண்ணில் ஓடியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தனை பேரும் பாட்டுக்கு அழுதார்கள். அவள் கோபம் அவர்கள் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. எனக்கு அந்த அழுகையைக் கேட்டபோது வந்த ஆத்திரம் அண்டா உருண்டபோது கூட வரவில்லை.

அன்றிலிருந்து கொடை வரைக்கும் தினமும் ஒத்திகை. எந்நேரமும் யாராவது வந்து அவளுக்குப் புத்தி சொன்னார்கள். "கனம் இருக்கட்டும் உலகம்மா, அழுத்தாத." "அழுத்தினா தட்டு போயிரும், பாத்துக்கோ." மதுரைக்காரர் சொன்னது ஊரில் பழமொழியாகிவிட்டது. மாமியார் மருமகளுக்குச் சொன்னாள், முதலாளி வேலைக்காரனுக்குச் சொன்னான், ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் இன்றைய பொன்மொழி என்று போட்டு எழுதினார்: கனம் இருக்கலாம், அழுத்தம் கூடாது. இனி வருஷா வருஷம் கொடைக்கு உலகம்மாள் கைதான் என்று கமிட்டி முடிவு செய்தது. அவளுக்குப் பொன்னாடை போர்த்துவது, கோயிலுக்கு வெளியே வைத்துப் போர்த்துவது, என்றும் முடிவு செய்தது.

மைதீன் பாத்துதான் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "உன் கோவத்தப் பாட்டாக்கி மடக்கு மடக்கா குடிக்கானுவ. நீயும் தூக்கின கைய வச்சிக்கிட்டு ஊத்திக் குடுக்க. உனக்கு ரோசம் செத்துப் போச்சாளா?"

"தலைவரு ஒருநாளும் ஒத்திகைக்கு வரலியே" என்றாள் உலகம்மாள்.

"வந்தா?"

"கொடையன்னைக்கு வருவாருல்லா. தட்டுக்குப் பூ வைக்க அவருதான வரணும்."

மைதீன் பாத்து அவள் முகத்தைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அண்டாவில் மணல் குறையாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

கொடையன்று உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. அம்மன் சந்தனக் காப்பில் கண்மூடி இருந்தாள். நையாண்டி மேளக்காரர்கள் குழாயில் முதல் சத்தம் வந்ததும் அடிக்க வேண்டும் என்று கோலை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். ஓலைக் கொட்டகைக்குள் உலகம்மாள் நின்றாள், தலைக்கு மேலே கப்பி, முதுகுக்குப் பின்னால் மணல் நிறைந்த அண்டா, தோள் உயரத்தில் நீண்ட வலது கை, விரலடியில் கறுத்த கார்ட்ரிஜ், கீழே சுற்றிக்கொண்டிருக்கிற கொழும்புத் தட்டு. ஆம்ப்ளிபயரை முழுசாகத் திருகி வைத்திருந்தார்கள், தலைவரின் தகப்பனார் பெயர் நாலு ஊருக்குக் கேட்க வேண்டும் அல்லவா! திருமலைக்கொழுந்து பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, தலையில் பரிவட்டத்தோடு கொட்டகைக்குள் வந்தார். தட்டுப் பெட்டியின் ஓரத்தில் ஒரு அரளிப் பூவை வைத்தார். அப்பா குரல் கேட்கப்போகிறது என்று குனிந்து காதைக் கொடுத்தார். உலகம்மாளை அவர் பார்க்கவில்லை. அவர் என்றைக்குமே அவளைப் பார்த்ததில்லை, அண்டாவைத் தள்ளிய அன்றும் அண்டாவைத்தான் பார்த்தார்.

"ம்ம், கைய இறக்கு" என்றார் தர்மக்கண்.

கை அப்படியே நின்றது. வெளியே வெயிலில் கால் சுட்டது, கூட்டம் பொறுமை இழந்தது.

"கைய இறக்கு உலகம்மா, நேரம் ஆகுதுல்லா!" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கைய இறக்கு தாயி!" என்றார் பூசாரி உள்ளேயிருந்து.

"இறக்கு! இறக்கு! கைய இறக்கு!" என்றது ஊர். அதே வாய்கள், அதே சொல், ஒரே குரல்.

உலகம்மாள் திருமலைக்கொழுந்தின் குனிந்திருந்த தலையைப் பார்த்து அமைதியாகக் கேட்டாள். "இறக்கட்டுமா?"

"இறக்குட்டி! இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்று சொல்லிக்கொண்டே திருமலைக்கொழுந்து முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் இறக்கினாள். கனத்தோடும் இறக்கினாள், அழுத்தத்தோடும் இறக்கினாள். கை தோள் உயரத்தில் பக்கவாட்டில் திரும்பி வந்தபோது முதலில் ஊசி கன்னத்தைத் தொட்டது, தென்னை மரத்துக் குழாய்களிலிருந்து நாலு ஊருக்கும் பெரிய மனிதரின் சவரம் செய்த கன்னம் சரசரவென்று கேட்டது, அதற்குப் பின்னால் வந்தது அறை. அத்தனை வருஷமும் ஊறின அறை, புளிப் பானையையும் பந்தல் கயிற்றையும் அமுக்கிக்கொண்டிருந்த அறை, சுவரைப் பார்த்துத் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் தின்று வளர்ந்த அறை, குழாய்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது. கயிறு அறுந்து அண்டா விழுந்து மணல் ஓடியது. திருமலைக்கொழுந்து பெட்டியோடும் தட்டோடும் மண்ணில் கிடந்தார், தகப்பனார் பெயர் மூன்று துண்டாகக் கிடந்தது. வெளியே ஹெட்மாஸ்டர் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பூசாரி சூடத் தட்டோடு சரிந்தார். டீக்கடைக்காரர், பந்தல்காரர், கல்யாணப் பந்தியில் எழுந்து போனவள், அன்றைக்கு மதிலோரம் நின்ற அத்தனை பேர் கன்னத்திலும், நின்ற இடத்திலேயே, ஐந்து விரலும் பதிந்தன. தர்மக்கண்ணுக்கும் விழுந்தது, கொஞ்சம் மெதுவாக. அன்றைக்குத் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இப்போது மீசை அரும்பியும் தாவணி போட்டும் கூட்டத்தில் நின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைதீன் பாத்துவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் "போடுளா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மேளக்காரர்கள் அசலூர்க்காரர்கள், குழாயில் சத்தம் வந்ததும் அடிக்கச் சொல்லியிருந்தார்கள், அடித்தார்கள். அம்மன் கண் திறந்திருந்தாள் என்கிறார்கள். உலகம்மாள் ஈரக் கையை உதறுவது போல வலது கையை இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, வலது கையால் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊர்க் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் போனாள். கூட்டத்தில் எல்லோரும் இடது கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தருக்குப் பல் வலியாம், ஒருத்தருக்குக் கம்பளிப்பூச்சியாம். திருமலைக்கொழுந்து நாற்காலியில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இவள் என்னை அடித்தாள் என்று முறையிட எழுந்தால் துண்டை அவிழ்க்க வேண்டும், துண்டை அவிழ்த்தால் விரல் தெரியும், விரல் தெரிந்தால் அன்றைக்கு நீ எங்கே நின்றாய் என்ற கேள்வி வரும். ஒருத்தரும் துண்டை அவிழ்க்கவில்லை. கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு பக்க வாயால் கேட்டார்:

"இப்படிச் செய்யலாமா உலகம்மா? ஊரு உன் கைய எவ்வளவு மரியாதையா வச்சிருந்துச்சு?"

உலகம்மாள் இன்னும் ஈரம் காயாத வலது கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்கதான சார் இறக்கச் சொன்னிய? அன்னைக்கும் ஊரே சேந்து கைய இறக்குன்னிய, இறக்கினேன். நேத்தும் ஊரே சேந்து கைய இறக்குன்னிய, இறக்கினேன். அன்னைக்கு எங்கன இறக்கணும்னு எனக்குத் தெரியல, அவ்வளவுதான்."